குதிரைக்கு ஆளி விதை குடுக்கலாமோ? குடுக்கலாம், ஆனா முதல் பிடரி மயிரைப் பாருங்கோ

தம்பி கேட்டதை மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு முதல் சுருக்கிப் போடுறன். மாங்குளத்துப் பக்கம் இவற்ற பெரியப்பா நுவரெலியாவில இருந்து ஒரு போனிக் குதிரை வாங்கியந்து மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில கட்டி வைச்சிருக்கிறார். வரேக்க மினுமினுத்துக்கொண்டு வந்ததாம், 3 மாதத்தில மயிர் மங்கிப் போச்சு, பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டுது. கனடாவில இருக்கிற அண்ணை ஃப்ளாக்ஸ் சீட், அதுதான் ஆளி விதை, குடுங்கோ எல்லாம் சரிவரும் எண்டு 2 கிலோ பார்சலும் அனுப்பிப்போட்டார். எவ்வளவு குடுக்கிறது, ஊற வைக்கிறதோ அவிக்கிறதோ, மாட்டுக்கு வைக்கிற தவிடு புண்ணாக்கோட சேக்கலாமோ, இதுதான் கேள்வி.

நான் மிருக வைத்தியர் இல்லை. வளைகுடாப் பக்கம் குதிரை லாயத்தில 9 வருசம் வேலை செய்து போட்டு ஊருக்கு வந்து இப்ப மாடு வளக்கிறன். அதால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும், குதிரையை மாடு மாதிரி வளக்கப் போனா என்னென்ன பிழைக்கும் எண்டும் தெரியும்.

நேரடிப் பதில் வேணுமெண்டா: குடுக்கலாம், நல்ல சாமான், பச்சையா அரைச்சு, அரைச்ச அண்டைக்கே, கொஞ்சமாத் துடங்கிக் குடுக்கோணும். ஆனா நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், உங்கட குதிரைக்கு வந்தது ஆளி விதை இல்லாத வருத்தம் எண்டு எனக்குப் படேல்லை.

அண்ணை ஏன் அப்பிடிச் சொல்லுறார் எண்டு பாப்பம், அவர் சொல்லுறது அங்கத்தைக்குச் சரி. கனடா ஆளி விளையிற நாடு, அங்க குளிர் காலத்தில மாதக் கணக்கா குதிரைக்குப் பச்சைப் புல்லுக் கிடையாது, காயவைச்ச புல்லுத்தான். பச்சைப் புல்லில கொழுப்பு எண்டு கிடக்கிறது சரியான கொஞ்சம், ஆனா அந்தக் கொஞ்சத்திலயும் பாதிக்கு மேல ஒமேகா 3. புல்லை வெட்டிக் காயவிட்டா அதில கனக்க அழிஞ்சு போயிடும். அந்தக் குறையை நிரப்பத்தான் ஆளி. விதையில கிட்டத்தட்ட 40 வீதம் எண்ணெய், 20 வீதம் புரதம், அந்த எண்ணெயிலயும் பாதிக்கு மேல ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் எண்ட ஒமேகா 3. எள்ளுப் புண்ணாக்கிலயோ தேங்காய்ப் புண்ணாக்கிலயோ இது இல்லை எண்டே சொல்லலாம், எள்ளில ஒமேகா 6 தான் கூட, தேங்காய் எண்ணெய் வேற சாதி. அதுக்காக ஆளியை மீன் எண்ணெய்க்குச் சமன் எண்டும் நினைக்காதையுங்கோ, மீனில கிடக்கிற வகை ஒமேகா 3 ஆக குதிரையின்ர உடம்பு இதை மாத்திறது மிச்சம் குறைவு.

இப்ப வன்னிக்கு வாங்கோ. மாரி பெய்து குளம் நிரம்பின காலத்தில குளக்கட்டுக்குக் கீழ அறுகம்புல் எவ்வளவு கிடக்கும், அதை நாள் முழுக்க மேயிற குதிரைக்கு ஆளி விதை காசைக் கரியாக்கிற வேலை. கச்சான் காத்து அடிச்சு தரை வெடிச்சு புல்லெல்லாம் கருகி வைக்கலை நம்பி இருக்கேக்க, அப்ப மெய்யாவே பிரயோசனம் இருக்கு. அதால இந்த மாதங்களில குடுக்கிறதில பிழை இல்லை.

ஆனா மயிர் மங்கிறது வேற, பிடரி மயிர் கொட்டுறது வேற.

ஒரு வேலை செய்யுங்கோ. காலமை வெளிச்சத்தில குதிரையை வெளியில கொண்டுவந்து, பிடரியில கொட்டுற இடத்தில நாலு மயிரை விரலால பிடிச்சு மெல்ல இழுத்துப் பாருங்கோ. நுனி முறிஞ்சு தும்புத்தடி மாதிரி குட்டையா நிண்டு, அடித்தோல் தடிச்சுச் செதில் பறந்து, பக்கத்து வேலிக் கட்டையிலயோ கொட்டில் தூணிலயோ மயிர் ஒட்டிக் கிடந்தா, அது தானே தேய்ச்சு முறிச்சது, சொறி. அப்பிடி இல்லாமல் தோல் சுத்தமா இருந்து, சொறியுறதும் இல்லாமல், மயிர் வேரோட வழுக்கிக்கொண்டு கையில வந்தா, அது தின்ற சாமானில வந்த பிழை. அப்ப குளம்பையும் குனிஞ்சு பாருங்கோ, வட்ட வட்டமா வரம்பு கட்டின மாதிரிக் கோடு இருக்கோ எண்டு.

ரெண்டாவது எண்டா நான் கேக்கிற முதல் கேள்வி, பெரியப்பா இப்பில் இப்பில், சூபாபுல் எண்டும் சொல்லுற மரம், வெட்டிப் போடுறாரோ? எங்கட ஆக்களில முக்கால்வாசிப் பேர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுறதுதானே, கோடையிலயும் பச்சையா நிக்கிற மரம், புரதம் கூட, மாடு நல்லா வரும். அந்த இலையில மிமோசின் எண்டு ஒரு நஞ்சு இருக்கு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பையில அதை உடைக்கிற பக்டீரியா இருக்கலாம், பழகின மாடு தாங்கும். குதிரை அசை போடாத சாதி, இரைப்பை ஒண்டு, அதுவும் சின்னன், புல்லைப் புளிக்க வைக்கிற வேலை எல்லாம் பின்னுக்குப் பெருங்குடலில தான் நடக்குது, அதுக்கு முன்னமே நஞ்சு ரத்தத்தில ஏறிப்போடும். ஏறினா முதல் கொட்டுறது பிடரியும் வாலும், பிறகு குளம்பு. 2 கிலோ இல்லை, 20 கிலோ ஆளி குடுத்தாலும் இப்பில் இப்பிலை நிப்பாட்டாமல் அந்த மயிர் நிக்காது. நிப்பாட்டினா தானா முளைக்கும், பிடரி முழுசா வளர மாதக் கணக்கில எடுக்கும், அவசரப்படேலாது. வேலிக்கு நட்ட கிளிசரிடியாவும் குதிரைக்கு வேண்டாம், மாடு தின்னுது எண்டு இதுக்கும் ஒடிச்சுப் போடாதையுங்கோ.

முதலாவது எண்டா, சொறி எண்டா, கன நேரம் அது பூச்சிக்கடி ஒவ்வாமை. நுளம்பை விடச் சின்னன், கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரியிற கடிக்கிற பூச்சி, கியூலிகோய்டிஸ் எண்டு பேர், சேத்திலயும் குளக்கரையிலயும் மாட்டுச் சாணி ஊறின ஈரத்திலயும் பெருகும், விடியப் புறமும் மைம்மலுக்கும் தான் கூட வரும். நுவரெலியாக் குளிரில நிண்ட குதிரையைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில கட்டினா என்ன நடக்கும். இந்தச் சொறிக்கு ஆளியில கொஞ்ச ஆதாரம் இருக்கு, அதையும் சொல்லோணும். கனடாவில குவெல்ஃப் பல்கலைக்கழக ஆக்கள் 2002 இல வெளியிட்ட ஆய்வு ஒண்டு, இந்தப் பூச்சிக்கு ஒவ்வாமை உள்ள 6 குதிரையை வைச்சு 42 நாள் நடந்த ஆய்வில அரைச்ச ஆளி குடுத்துப் பாத்ததில, பூச்சிச் சாறை ஊசியால தோலில ஏத்தினா வீங்கிற பரப்பு குறைஞ்சுது. 6 குதிரை எண்டது சின்னக் கணக்கு, அதை வைச்சு மருந்து எண்டு சொல்லேலாது, ஆனா முயற்சி செய்யலாம் எண்ட அளவுக்குக் காணும். அதை விடப் பிரயோசனம் குதிரையைச் சேறில்லாத காத்துப் படுற மேட்டில மாத்திக் கட்டுறது, உந்தப் பூச்சிக்குக் காத்துக்கு எதிரப் பறக்கப் பெலன் இல்லை, பின்னேரத்தில ஒரு ஃபானைப் போட்டு விட்டாலே பாதி ஓடிப்போடும். மாட்டுக்குப் போடுற மாதிரி வேப்பிலைப் புகை போடுறதெண்டா வெளியில தூரத்தில போடுங்கோ, கொட்டிலுக்குள்ள புகை அடைஞ்சா குதிரைக்கு இழுப்பு வந்திடும்.

சரி, இப்ப ஆளி விதையை எப்பிடிக் குடுக்கிறது எண்ட கதை, இதிலதான் கன பேர் பிழை விடுறது.

முழு விதையாப் போடாதையுங்கோ. நான் வேலைக்குப் போன புதுசில ஒரு மாதம் முழு விதையைத்தான் ஓட்ஸுக்கு மேல தூவிக்கொண்டிருந்தன், பெரிய வேலை செய்யிறன் எண்ட நினைப்பு. எங்களுக்கு மேல இருந்த வயசான சூடான்காரர் ஒருத்தர் ஒண்டும் சொல்லாமல் ஒரு நாள் லத்தியை ஒரு அரிதட்டில போட்டு பைப் தண்ணியைத் திறந்து விட்டார். புல்லுத் தும்பெல்லாம் கழுவுப்பட்டுப் போக அடியில பழுப்பு நிறத்தில, பொலிஷ் பண்ணின மாதிரி மினுங்கிக்கொண்டு விதை அப்பிடியே கிடந்தது. எல்லாம் இல்லை, குதிரை மெல்லுறதில ஒரு பங்கு உடையும் தான். ஆனா அந்தக் கோது வழுக்கும், வைரம், பல்லுக்கு இடையில தப்பினது மற்றப் பக்கத்தால போகும். காசை லத்தியில போடுறியோ எண்டு அவர் கேட்டது இப்பவும் காதுக்குள்ள கிடக்கு.

அதால கிரைண்டரில அரைக்கோணும், உலர்ந்த கிரைண்டர், மிளகு அரைக்கிற மாதிரி விட்டு விட்டு, சூடேற விடாமல். அண்டண்டைக்குத் தேவையானது மட்டும். எங்கட வெக்கைக்கு அரைச்ச மாவை ஒரு கிழமைக்கு எண்டு போத்தலில போட்டு வைச்சா எண்ணெய் காத்துப்பட்டுக் காறிப்போடும். காறினதைக் கண்டுபிடிக்கிறது லேசு, நல்ல ஆளி மா கச்சான் கொட்டை மணக்கும், பழுதானது பெயின்ட் மணக்கும். பகிடிக்குச் சொல்லேல்லை, பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் போடுறது இதே எண்ணெய்தான். முழு விதை உடையாமல் இருந்தா மூடி இறுக்கின டின்னில நிழலில வைச்சு மாதக் கணக்காப் பாவிக்கலாம். பார்சலில வந்தது மாவோ விதையோ எண்டு நீங்கள் எழுதேல்லை. மா எண்டா முதல் மணந்து பாருங்கோ, பெயின்ட் மணம் அடிச்சா வாழைக்குப் பசளையாப் போடுங்கோ.

எண்ணெய் எண்ட உடன இன்னொண்டு ஞாபகம் வருது. கிரிக்கெட் பட்டுக்குப் பூசுற லின்சீட் ஒயிலும் ஆளி எண்ணெய்தானே, ஹார்ட்வெயார் கடையில மலிவா இருக்கே எண்டு ஒருத்தர் என்னட்டக் கேட்டவர். வேண்டவே வேண்டாம். கடையில பொயில்ட் லின்சீட் எண்டு விக்கிறதுக்குள்ள கெதியாக் காயிறதுக்கு உலோக உப்புக்கள் கலக்கிறவை, பேர்தான் அவிச்சது, தின்னுறதுக்கு அவிச்சது இல்லை.

ஊற வைக்கிறதோ அவிக்கிறதோ? இது எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்துறது சுகம், மரவள்ளி தெரியும் தானே. பச்சை மரவள்ளி இலையைத் தின்று ஆடு விழுந்த கதை எல்லா ஊரிலயும் ஒண்டு இருக்கு, மரவள்ளி அவிக்கேக்க மூடாமல் அவிக்கோணும் எண்டு அம்மம்மாமார் சொல்லுறதும் அதால தான். மரவள்ளியில கிடக்கிற லினமரின் எண்ட அதே சாமான் ஆளி விதையிலயும் கொஞ்சம் இருக்கு, அந்தப் பேரே ஆளியின்ர லத்தீன் பேரான லைனம் எண்டதில இருந்து வந்ததுதான். அது தனியக் கிடந்தா ஒண்டும் செய்யாது. விதை நொறுங்கி இளஞ்சூட்டுத் தண்ணியில கன நேரம் ஊறினா, விதைக்குள்ள கிடக்கிற ஒரு நொதியம் அதை உடைச்சு சயனைட் வாயுவை விடும். அதுதான் அந்தக் காலத்து இங்கிலீசுக்காரர் குதிரைக்கு ஆளியை அவிச்சுக் கஞ்சி மாதிரிக் குடுத்தது, கொதி அந்த நொதியத்தை அழிச்சுப்போடும். அரைச்சுப் பச்சையா உடனே குடுத்தாலும் குதிரையின்ர இரைப்பை அமிலம் அதை அடக்கிப்போடும், நான் சொல்லுற அளவில ஒண்டும் வராது. செய்யக் கூடாத ஒண்டே ஒண்டு, அரைச்சதை இரவு வெதுவெதுப்பான தண்ணியில ஊறப் போட்டுட்டு காலமை குடுக்கிறது. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு அப்பவே வையுங்கோ. ஊறினா சர்பத்துக்குப் போடுற கசகசா மாதிரி வழுவழுத்துப் போயிடும், அது கெட்டதில்லை, சில குதிரைக்கு அந்த வழுவழுப்புப் பிடிக்காது, மூக்கைச் சுழிச்சுக்கொண்டு நிக்கும்.

அந்த வழுவழுப்பு வயித்து மண்ணை வெளியில கொண்டுவரும் எண்டு ஒரு கதையும் உலாவுது, முல்லைத்தீவுக் கரைப் பக்கம் மணலில மேயவிட்டா அந்தப் பிரச்சினை வரும் தான், ஆனா அதை நம்பி இருக்காதையுங்கோ. மண் போகுதோ எண்டு பாக்க ஒரு வாளி தண்ணியில லத்தியைக் கரைச்சு விட்டுப் பாருங்கோ, அடியில மணல் படிஞ்சா புல்லைத் தரையில போடாமல் தொட்டியில போடுங்கோ, அதுக்கு வைத்தியர்மார் குடுக்கிறது இசப்கோல்.

அளவுக்கு முதல் நிறை தெரியோணும். தராசு தேவையில்லை, தையல் அளவு நாடா காணும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி ஒரு அளவு, தோள் முனையில இருந்து பிட்டத்து முனை வரைக்கும் நீளம் ஒரு அளவு, சென்டிமீற்றரில. சுற்றளவைச் சுற்றளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11880 ஆல பிரிச்சா கிலோ வரும். உதாரணத்துக்குச் சுற்றளவு 140, நீளம் 130 எண்டா கிட்டத்தட்ட 214 கிலோ. மேல சொன்ன ஆய்வில குடுத்தது ஒரு கிலோ உடம்புக்கு 1 கிராம், அப்ப இந்தப் போனிக்கு ஒரு நாளைக்கு 214 கிராம். அது கூட. அந்த அளவு ஆளியே சும்மா நிக்கிற போனியின்ர ஒரு நாள் சாப்பாட்டுச் சக்தியில கிட்டத்தட்ட ஏழில ஒரு பங்கைக் குடுத்துப்போடும், போனிச் சாதி லேசாக் கொழுக்கும், கொழுத்தா குளம்பு அழற்சி வரும், பிறகு நடக்க மாட்டுது எண்டு இன்னொரு கேள்வி எழுதுவியள். மயிர் மினுக்கத்துக்கு 50 கிராம் காணும், சொறிக்கெண்டு பாத்தா 100 கிராம் வரைக்கும் போகலாம். முதல் 4, 5 நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி மட்டும், பிறகு மெல்ல மெல்ல 2, 3 கிழமையில முழு அளவுக்கு வாங்கோ. குதிரைக்குப் பித்தப்பை இல்லை, பித்தம் சொட்டுச் சொட்டா வந்துகொண்டே இருக்கும், திடீரெண்டு கொழுப்பைக் கொட்டினா பழகாத வயிறு கழியும். லத்தி இளகினா ஒரு படி இறங்குங்கோ. மினுக்கம் தெரிய ஒண்டரை ரெண்டு மாதம் எடுக்கும், புது மயிர் வரோணும் தானே. அந்தக் கணக்கில 2 கிலோ பார்சல் 50 கிராம்படி 40 நாளைக்குத்தான், அண்ணையிட்ட இன்னும் கேக்கிறதெண்டா முதலே கேளுங்கோ.

தவிட்டோட சேக்கலாமோ எண்டு கேட்டியள், எனக்கு ஆளியை விடப் பயம் அந்தத் தவிட்டில தான். மில்லில இருந்து வாற அரிசித் தவிடு ஒரு கிலோவில பொஸ்பரஸ் 15 கிராமுக்கு மேல, கல்சியம் ஒரு கிராம் அளவு. 214 கிலோப் போனிக்கு ஒரு நாளைக்குத் தேவை கல்சியம் 8, 9 கிராம், பொஸ்பரஸ் 6. தலைகீழ். ஆளியிலயும் பொஸ்பரஸ் தான் கூட, அது சின்ன அளவு எண்டபடியா பறவாயில்லை. அதுக்கு மேல கினிப் புல்லும் சீஓ-3 எண்ட கலப்பு நேப்பியர் புல்லும் வெட்டிப் போடுறியள் எண்டா அந்தப் புல்லில கிடக்கிற ஒக்சலேற் புல்லில இருக்கிற கல்சியத்தையும் கட்டிப்போடும், மாட்டுக்கு அதை உடைக்கிற வழி இரைப்பையில இருக்கு, குதிரைக்கு இல்லை. அப்ப உடம்பு எலும்பில இருந்து கல்சியத்தை எடுக்கத் துடங்கும், முதல் இன்ன கால் எண்டு சொல்லேலாத நொண்டல், பிறகு முகத்தெலும்பு ரெண்டு பக்கமும் புடைச்சு மூஞ்சி வீங்கின மாதிரி வரும். அது வந்தாப் பிறகு பழையபடி ஆக்கிறது கஷ்டம். தவிட்டை ஒரு கைப்பிடிக்குக் குறையுங்கோ, மிருக வைத்தியரிட்டக் கேட்டு தீவனத்துக்குப் போடுற சுண்ணாம்புக்கல் மா ஒரு 25 கிராம் சேருங்கோ, வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு இல்லை, அது வாயை வெந்து போகச் செய்யும். அறுகு, வைக்கல், கொஞ்சம் ஊறின கொள்ளு, அதோட ஆளி, இது காணும். கோழித் தீவன மூட்டையைக் குதிரைக்குக் கிட்டயும் கொண்டு போகாதையுங்கோ, அதில கலக்கிற மொனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தை நிப்பாட்டுற சாமான்.

கடைசியா, வேர்க்குதோ எண்டு பாருங்கோ. குளிரில இருந்து வெக்கைக்கு வந்த சில குதிரைக்கு வேர்வையே நிண்டு போயிடும், மத்தியானத்தில நாய் மாதிரி இளைக்கும், தோல் காஞ்சு மயிர் மங்கி முகத்தில மயிர் உதிரும். சேணம் வைக்கிற இடத்திலயும் பின்னந்தொடைக்கு இடையிலயும் நடத்தினாப் பிறகு கை வைச்சுப் பாருங்கோ, ஈரம் இல்லையெண்டா வெய்யிலில வேலை வாங்கிறதை நிப்பாட்டிப்போட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கோ. வேர்க்குது எண்டா அந்த வேர்வையோட உப்புப் போகுது, ஆனையிறவு உப்பு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி தீனில போடுங்கோ, தண்ணி எந்த நேரமும் நிக்கோணும்.

இப்பில் இப்பில் போடுறாரோ இல்லையோ எண்டதை மட்டும் பெரியப்பாவிட்டக் கேட்டு எழுதுங்கோ, அவர் இல்லை எண்டாலும் கொட்டிலுக்குப் பின்னால போய்க் கிடக்கிற தடியளை ஒருக்காப் பாருங்கோ. பிடரி மயிரில வேர் இருக்கோ முறிஞ்சு கிடக்கோ எண்டு வெள்ளைத் துணியில வைச்சுப் படம் எடுத்தா வடிவாத் தெரியும்.